கால்கல் தகராறு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்ததற்கு வாழ்த்துகள். பெயரை மட்டும் எண்கணிதக்காரரிடம் கேட்டு வைத்துவிடாதே, நம் வகுப்பில் ஒருவன் பட்ட பாடு போதும். நாம் 'குயின் குளோசர்' என்று பட்டப்பெயர் வைத்த பாலிடெக்னிக் வாத்தியார் ஓய்வூதிய வழக்கில் ஜெயித்துவிட்டாராமே? கேட்டதும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை.

எழுத வந்த விஷயம் வேறு. கால்கல்லால், அதாவது செங்கல்லில் கால் பங்குத் துண்டால், ஒரு சண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "கால்கல்லுக்கா இவ்வளவு கோபம்?" என்று கேட்டுவிட்டு அவள் தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டாள். செங்கல் கையில் பிடித்தவன் நீ ஒருவன்தான், கேள்.

இங்கே நெதர்லாந்தின் வடக்கே குரோனிங்கன் மாகாணத்தில் ஒரு பழைய வீடு. 1959இல் அந்தப் பகுதியில் பெரிய எரிவாயுப் படுகையைக் கண்டுபிடித்தார்கள். பல ஆண்டுகள் உறிஞ்சியதில் அடிப்பாறை இறுகி, நிலம் அவ்வப்போது அதிர ஆரம்பித்தது. 2012இல் வந்த பெரிய அதிர்வே 3.6 ரிக்டர்தான். ஆனால் மூன்று கிலோமீட்டர் ஆழத்திலேயே அதிர்வதால் வீடுகளின் சுவர்கள் விரிசல் விட்டன. முட்டுக்கொடுத்து நிற்கும் வீடுகளை அங்கே சாலையிலிருந்தே பார்க்கலாம். 2023 அக்டோபரில் எரிவாயு எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். விரிசல் வேலை இன்னும் ஓயவில்லை.

அப்படி ஒரு வீட்டின் சீரமைப்புக் குறிப்பு மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்தது. எழுதியவர் டச்சுக்காரர். கல் வைக்கப் போகிறவர்கள் போலந்து, ருமேனியா ஆட்கள்; அவர்களுக்குப் பொது மொழி ஆங்கிலம். ஆகவே ஆங்கிலத்தில் வேண்டும். இரண்டு நாள் வேலை என்று ஒப்புக்கொண்டேன்.

முதல் பக்கத்திலேயே 'வால்ஃபோர்மாட்', அதாவது வால் அளவுச் செங்கல். சிரிக்காதே, வால் என்பது இங்கே ஒரு நதி. நல்ல பாறை இல்லாத நாடு இது. ஆற்றுக் களிமண்தான் கட்டுமானத்துக்குக் கை கொடுத்தது. ஐசல் ஆற்றங்கரையில் அறுத்த கல் ஐசல் அளவு, ஃபெஹ்ட் ஆற்றங்கரையில் அறுத்தது ஃபெஹ்ட் அளவு. வால் அளவு ஏறக்குறைய 210க்கு 100க்கு 50 மில்லிமீட்டர். "அதை ஸ்டாண்டர்டு செங்கல் என்று போட்டுவிடலாமே" என்று என் மொழிபெயர்ப்பைத் திருத்துபவர் குறிப்பு எழுதினார். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்றால் கனம் 65. பத்து மில்லிமீட்டர் சாந்தோடு வரிசை எழுப்பினால் மூன்று மீட்டர் சுவருக்கு வால் கல் 50 வரிசை. இங்கிலாந்துக் கல் 40 வரிசை. பழைய சுவரோடு புதுச் சுவர் எந்த வரியில் கைகோக்கும்? அதை அவர் ஒப்புக்கொண்டார்.

சண்டை அடுத்ததில்தான். 'கிளேசோர்' என்றொரு சொல். செங்கல்லைக் குறுக்கே நான்காக வெட்டினால் வரும் கால்கல். மூன்று பங்கு 'ட்ரீகிளேசோர்', அதாவது முக்கால்கல். திருத்துபவர் உற்சாகமாக "இது ஆங்கிலத்தில் வரும் குளோசர்தானே" என்று மாற்றிவிட்டார். சத்தம் ஒன்றாக இருக்கிறதாம்! பாலிடெக்னிக் முதல் ஆண்டில் நம் மண்டையில் அடித்துப் புகட்டியது உனக்கு மறந்திருக்காது: குயின் குளோசர் என்றால் கல்லை நீளவாக்கில் பிளப்பது. டச்சுக்காரர் அதற்குத் தனியாக 'கிளிஸ்கிளேசோர்' என்கிறார்.

"இரண்டும் சுவரின் வெளிமுகத்தில் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர்தான் தெரியும், வித்தியாசம் என்ன?" என்று பதில் வந்தது. முகத்தில் இல்லை ஐயா, முதுகில்! கால்கல்லின் ஆழம் 100 மில்லிமீட்டர். நீளவாக்கில் பிளந்ததை முகம் காட்டி வைத்தால் ஆழம் 210. அந்த வீடு 1930களில் கட்டியது. இடையில் காற்று இடைவெளி விட்டு இரட்டைச் சுவர். வெளிச்சுவரின் கனமே 100தான். 210 ஆழக் கல்லை அதில் செருகினால் மிச்சம் இடைவெளிக்குள் நீட்டும். ஈரம் அதன் மேல் நடந்து உள்சுவருக்கு வந்துவிடும். நல்ல கொத்தனாராக இருந்தால் நீட்டுவதை உடைத்துப் போட்டுக்கொண்டு என்னைத் திட்டுவார். புதியவராக இருந்தால் அப்படியே வைத்துப் பூசிவிட்டுப் போவார். ஏற்கெனவே பூமி ஆட்டிவிட்ட வீடு சண்முகம், அதில் இருப்பவர்கள் ராத்திரி சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து சுவரைத் தடவிப் பார்க்கிறார்களாம். ஒரு சொல்லால் அவர்கள் வீட்டுக்குள் பாசி பிடிக்க விடலாமா?

இதைச் சொன்னால் "உங்களுக்கு மொழியின் ஓட்டம் முக்கியமில்லையா?" என்கிறார். சீரமைப்புக் குறிப்பில் ஓட்டம் எதற்கு? யார் உட்கார்ந்து ரசித்துப் படிக்கப் போகிறார்கள்?

ஆங்கிலத்திலும் இவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஜன்னலுக்கு மேலே 'ரொல்லாக்' வரிசை. கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தினாலும், நெட்டுக்குத்தாக நிறுத்தினாலும் டச்சில் அதே பெயர்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு பெயர். பக்கவாட்டில் நிறுத்துவதை அமெரிக்கர் ரோலாக் என்பார், இங்கிலாந்துக்காரர் பிரிக் ஆன் எட்ஜ் என்பார். படத்தைக் கேட்டு வாங்கிய பிறகுதான் எதை எழுதுவது என்று தெரிந்தது. 'கிளிங்கர்' வந்த இடத்தில் எனக்கு உன் நினைவு. தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கடுஞ்செங்கல் அது. இங்கே தெருவெல்லாம் அதுதான். அரியலூரில் உன் ஆலையில் அதே பெயரில், அரைத்தால் சிமெண்டாகும் உருண்டையை வைத்திருக்கிறாய். இந்தச் சொல்லை ஆங்கிலம் டச்சிடமிருந்துதான் வாங்கியது. வாங்கியவர்கள் அதற்குள் வேறு பொருளையும் அடைத்துவிட்டார்கள்.

கடைசியாக இப்படி முடிவு செய்திருக்கிறேன்: சொல் முதலில் வரும் இடத்தில் டச்சுச் சொல், பக்கத்தில் வெட்டும் திசை, மில்லிமீட்டரில் மூன்று அளவு, ஒரு சிறு படம். அதை எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. பணம் போனால் போகட்டும். என்ன, முழங்காலுக்குச் சிகிச்சை கொஞ்சம் தள்ளிப்போகும்.

உன்னிடம் ஒரு உதவி. நம் முதலாண்டுப் புத்தகத்தில் முக்கால்கல்லையும் குயின் குளோசரையும் பக்கம் பக்கமாக வரைந்த பக்கம் இருந்ததே, அது உன் அலமாரியில் இன்னும் இருந்தால் படமெடுத்து அனுப்பு. உன் கொத்தனார்கள் நீளவாக்கில் பிளந்த கல்லை என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுது. மறக்காமல் குயின் குளோசரிடம் சொல், அவர் பெயர் ஹாலந்து வரைக்கும் வந்து கலகம் செய்கிறது என்று.

அன்புடன்,
ராகவன்