அப்பாவுக்கு, நியூயார்க்கிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது; மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நான் தங்கியிருக்கும் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவர்கள் அதிகம். எந்தக் கடையிலும் சோறும் வாழைக்காய் வறுவலும் கிடைப்பதால் சாப்பாட்டுக்குக் குறையில்லை.

கொழுப்பை வைத்துக்கொண்டு அங்கே என்ன ஆராய்ச்சி என்று கேட்டிருந்தீர்கள். பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் ஆசைதான்.

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்கள் சம்மதித்துக் கொடுக்கும் சிறு கொழுப்புத் துண்டு எங்கள் கைக்கு வரும்போது வெளிர் மஞ்சளாகப் பளபளக்கும். அதைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கி, திசுவைப் பிரிக்கும் நொதியில் இட்டு, 37 டிகிரி வெப்பத்தில் குலுக்கி, பிறகு இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால், கொழுப்புச் செல்கள் மேலே மிதக்கும். குழாயின் அடியில் மற்ற செல்கள் சிறு படிவாகத் தங்கும். என் வேலை முழுவதும் அந்தப் படிவில்தான். கிருமிகளை விழுங்கவும் செத்த செல்களை அப்புறப்படுத்தவும் உடல் வைத்திருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அதில் ஏராளமாக இருக்கின்றன. 2003ஆம் ஆண்டில் இந்நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, மெலிந்த எலியின் கொழுப்புத் திசுவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள இச்செல்கள், மிகவும் பருத்த எலியில் பாதிக்கும் மேல் பெருகுவதாக மதிப்பிட்டது. வயிற்றுக் கொழுப்பு வெறும் சேமிப்பு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லத் தோன்றுகிறது.

கொழுப்புச் செல் அளவுக்கு மீறிப் பருக்கும்போது திணறுகிறது. சில செல்கள் செத்தும் போகின்றன. திசுவிலிருந்து கிளம்பும் வேதிச் சமிக்ஞைகள் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை அழைக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால், செத்த கொழுப்புச் செல்லைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் கிரீடம்போல் வளையமிட்டு நிற்பது தெளிவாகத் தெரியும். இவை சுரக்கும் டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற புரதங்கள், இன்சுலின் சொல்வதைச் செல்கள் கேட்கவிடாமல் தடுக்கின்றன. பருத்த எலிகளில் டிஎன்எஃப் ஆல்ஃபாவை முடக்கினால் இன்சுலின் மீண்டும் நன்றாக வேலை செய்வதை 1993இலேயே பாஸ்டனில் ஹோதாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் என்ற ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். மேக்ரோஃபேஜ்களை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல. அவை திரள்வதற்கு முன்பே, டி செல்கள் என்ற வேறு நோய் எதிர்ப்புச் செல்களில் கொல்லும் வகை வந்துவிடுவதையும், அழற்சியை, அதாவது இப்படி எதிர்ப்புச் செல்கள் கிளர்ந்தெழுவதை, அடக்கி வைக்கும் வகை குறைந்துபோவதையும் 2009இல் வெளியான எலி ஆய்வுகள் காட்டின.

அப்படியானால் டிஎன்எஃப் ஆல்ஃபாவை முடக்கும் மருந்தைக் கொடுத்தால் சர்க்கரை தீர்ந்துவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். மூட்டுவாதத்துக்கு அத்தகைய மருந்து இருக்கிறது. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எலிகளில் கிடைத்த பலன் கிடைக்கவில்லை. எடை குறைந்தால் பெரும்பாலும் அழற்சியும் தணிகிறது என்பதே இன்றுவரை உறுதியான வழி.

பருத்தவர்களை நாவை அடக்கத் தெரியாதவர்கள் என்று நம் வீட்டிலேயே பேசுவதுண்டு. அவர்கள் உடலுக்குள் ஓயாமல் நடக்கும் இந்தப் போராட்டத்தை நாள்தோறும் பார்த்த பிறகு அந்தப் பேச்சு எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

நீங்கள் ஒல்லிதான் என்று மருத்துவர் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். நம்மவர்களுக்கு எடை குறைவாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் இயல்பு அதிகம். அதனால்தான் ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 23ஐத் தொட்டாலே கவனம் தேவை என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூறியது. தையல்காரர் நாடாவை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளந்து பாருங்கள். உங்களுக்கு 90 செ.மீ., அம்மாவுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. இருவரின் அளவையும் உங்கள் மூன்று மாதச் சர்க்கரை அளவையும் அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கள் மகள்