திருடனைத் தேடும் கருவி ஓட்டுநரை வேவு பார்க்கலாமா?

ஐயா, வாகனத் திருட்டைத் தடுக்க எல்லா வண்டிகளிலும் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்த வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் கண்டேன். கருவி அவசியம்தான். போன வருடம் சத்துவாச்சாரியில் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த எங்கள் 'குட்டியானை' சரக்கு வண்டி விடிவதற்குள் காணாமல் போனது. ஜி.பி.எஸ். காட்டிய இடத்தை வைத்து, மதியத்துக்குள் ஆம்பூர் பைபாஸ் ஓரம் பிடித்துவிட்டோம். கட்டிய தார்ப்பாய் அப்படியே இருந்தது, பேட்டரி மட்டும் இல்லை. ஆனால் அதே கருவி காட்டிய தகவலைப் பார்த்துவிட்டு, வண்டிக் கடனுக்குத் தவணை வசூலிக்க வந்தவர் எங்கள் ஓட்டுநரிடம், "ஞாயிற்றுக்கிழமை ரத்தினகிரியில் என்ன வேலை?" என்று கேட்டார். குடும்பத்தோடு முருகனைக் கும்பிடப் போனவர் அவர். கூனிக் குறுகி நின்றார்.

மத்திய மோட்டார் வாகன விதி 125-எச், பயணிகள் பொது வாகனங்களில் இக்கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. நோக்கம் முடிந்ததும் தகவலை அழிக்க வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஓட்டுநர் எங்கே டீ குடித்தார் என்பது கடன் கொடுத்தவருக்கு எதற்கு? உரிமையாளர் புகார் தந்து காவல் நிலையத்தில் பதிவான பிறகே வெளியார் எவருக்கும் இருப்பிடத் தகவல் திறக்கப்பட வேண்டும். யார், எப்போது பார்த்தார் என்பது பதிவாக வேண்டும். பழைய பயண விவரங்கள் 30 நாளில் அழிய வேண்டும். போக்குவரத்துத் துறை இதை விதியாகவே கொண்டுவர வேண்டுகிறேன்.

- சரக்கு வாகன உரிமையாளர், சத்துவாச்சாரி, வேலூர்