பிற்கலப்பால் ஆவதும் ஆகாததும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பயிர் ரகங்களை மேம்படுத்துவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிற்கலப்பு முறையால், அதாவது வேண்டிய குணமுள்ள வேறொரு ரகத்தோடு கலந்து பிறந்த செடியைப் பழைய ரகத்தோடேயே திரும்பத் திரும்பக் கலப்பதால், எந்த ரகத்தின் எந்தக் குறையையும் தீர்த்துவிடலாம் என்ற தொனி அதில் இருந்தது. அவ்வளவு தூரம் போக முடியாது.

எல்லா வகையிலும் பிடித்துப்போன ஒரு ரகத்தில் ஒரே ஒரு குறை இருந்தால், அங்கே இந்த முறையை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஸ்வர்ணா நெல்லையே பாருங்கள். வெள்ளத்தில் முழுகினால் அழுகிவிடும் என்பதுதான் அதன் குறை. எஃப்ஆர்13ஏ என்ற ஒடிசா நெல்லிலிருந்து வெள்ளத்தைத் தாங்கவைக்கும் சப்1 மரபணுவை எடுத்து, கலப்புச் செடிகளைத் திரும்பத் திரும்ப ஸ்வர்ணாவோடேயே சேர்த்து, 2009இல் ஸ்வர்ணா-சப்1 வெளிவந்தது. இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் கிடந்தாலும் தாக்குப்பிடிக்கும். மற்றபடி ஏறக்குறைய அதே நெல், அதே அரிசி. விவசாயி புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை.

ஆனால் வெள்ளம் வராத வருடத்தில் மகசூலும் பழைய ஸ்வர்ணா அளவுதான். அது குற்றமில்லை, கேட்டதே அவ்வளவுதான். மகசூலையே உயர்த்த வேண்டுமென்றால் கதை வேறு. அதில் சிறிது சிறிதாகப் பங்கு வகிக்கும் மரபணுக்கள் ஏராளம். ஒவ்வொரு பிற்கலப்பிலும் சில கைநழுவும். ஒடுங்கு மரபணு (இரண்டு பிரதியும் இருந்தால்தான் குணத்தைக் காட்டுவது) என்றால் இன்னொரு தலைவலி: கலப்புச் செடியைப் பார்த்து அது இருக்கிறதா என்றே சொல்ல முடியாது. மார்க்கர் சோதனை (டிஎன்ஏவில் உள்ள அடையாளங்களை வைத்து மரபணுவைக் கண்டறிவது) வசதி இல்லையென்றால், நடுநடுவே தன்மகரந்தச் சேர்க்கை (செடியை அதன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்வது) செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆறு பிற்கலப்பில் 99 சதவீதம் பழைய ரகம் மீண்டுவிடும் என்று எழுதியிருந்தீர்கள். சராசரியாகப் பார்த்தால் சரி. ஆனால் வேண்டிய மரபணுவுக்கு அக்கம்பக்கத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அந்த மரபணு உள்ள செடிகளையே தேர்ந்தெடுப்பதால், அதை ஒட்டியிருக்கும் வேண்டாததும் கூடவே வந்துவிடும். தக்காளியில் டிஎம்-2 என்ற வைரஸ் எதிர்ப்பு மரபணுவைச் சேர்த்த ரகங்களை யங், டாங்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார்கள். 11 பிற்கலப்பு கண்ட ஒரு ரகத்தில்கூட, அந்த மரபணு இருக்கும் குரோமோசோமின் (மரபணுக்கள் வரிசையாக அமைந்த இழை) ஒரு புயம், அதாவது ஒரு பக்கம், முழுவதும் மரபணுவைத் தந்த காட்டுத் தக்காளியுடையதாகவே இருந்தது! மார்க்கர் வந்தபின் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது என்பது உண்மை.

அப்புறம், காலம். பிற்கலப்பு முடிவதற்குள் மூல ரகத்தையே ஓரங்கட்டும் புது ரகம் வந்துவிடலாம். ஆகவே இப்படி உருவான ரகத்தைப் பற்றி இனி எழுதும்போது, மூல ரகம் இன்னும் பயிரில் இருக்கிறதா, புது மரபணுவோடு குரோமோசோமில் எவ்வளவு நீளம் ஒட்டிக்கொண்டு வந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
பயிர் மரபியல் படித்த வாசகர்