பவளத்துக்கு முடி வெட்டிவிட்டேன், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாளையோடு ஓர் ஆண்டு நிறைகிறது. அன்று நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வலது முழங்காலுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். நம் குதிரை பவளத்தை விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். இந்த ஆண்டும் அவளுக்கு முடி வெட்டினேன். கயிறு போடவில்லை, பிடித்துக்கொள்ள ஆளும் கூப்பிடவில்லை. இதுவரை பதினொரு நாள் பிடித்தது.

தொலைபேசியை நீங்கள் எடுப்பதில்லை என்பதால் எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுத வேண்டியதாகிவிட்டது. நம் உறவுக்காரர்களும் படிப்பார்கள் என்று தெரியும். ஆகவே சிலவற்றை எழுதாமல் விடுகிறேன். அன்று நீங்கள் ஏன் அந்தப் பக்கம் போய் நின்றீர்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அதற்கான பதில் எனக்குத் தெரியும். அது நமக்குள் இருக்கட்டும்.

அந்த நாளை நினைத்தால், உதைக்கு முந்தைய அரை நிமிடம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அசையாமல் நிற்பதற்காக அவள் மேலுதட்டில் போட்ட கயிற்றுச் சுருக்கை நான் முறுக்கிப் பிடித்திருந்தேன். கயிற்றுக்கு வெளியே பிதுங்கி நின்ற உதடு வெளுத்துப் போயிருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. கழுத்தும் தோளும் வெட்டி முடிந்து, ஒரு கையில் கயிறும் மறு கையில் முடி வெட்டும் மெஷினுமாக நான் வயிற்றுப் பக்கம் இறங்கியபோது, நீங்கள் விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தோல் துடிக்குதுடா, நிறுத்து" என்றீர்கள். எனக்குக் கேட்டது, சித்தப்பா. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேனே, அது பொய். "இன்னும் ஒரு கை அகலம்தான்" என்று சொல்லிக்கொண்டே மெஷின் கத்தியை வைத்தேன்.

மன்னித்துவிடுங்கள். அப்படிச் சொன்ன கையோடு இதையும் சொல்ல வேண்டும்: அவசரம் என்னுடையது என்றாலும், அவசரம் வரும்வரை தள்ளிப்போட்டது நீங்கள். இருபத்திரண்டு வயதுக் குதிரை சித்திரை வெயிலிலும் முடி உதிர்க்காமல், விரல் நீளத்துக்கு வளர்த்துக்கொண்டு, பனை நிழலில் நின்றபடியே விலா அடிக்க மூச்சு வாங்கினாள். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு இது, வயதான குதிரைகளுக்கு வரும், முடி தானாக உதிராது, நம் கடற்கரையின் புழுக்கத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று மருத்துவர் உங்களிடம்தான் சொன்னார். நீங்கள் மூன்று வாரம் தள்ளினீர்கள். கத்தரிக்கோல் போதும் என்றீர்கள்.

கயிற்றைப் பற்றி அப்புறம் தேடிப் படித்தேன். உதட்டுச் சுருக்கு முதல் ஐந்து நிமிடம் வரை குதிரையின் இதயத்துடிப்பைத் தணிக்கிறது. அதைத் தாண்டினால் துடிப்பு ஏறத் தொடங்குகிறது என்று 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நாம் கால் மணி நேரம் பிடித்திருந்தோம். அவள் அடங்கிவிட்டாள் என்று நான் நினைத்த நேரமெல்லாம் உள்ளே வேறொன்று ஏறிக்கொண்டிருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: காதை முறுக்கினால் தணிவு என்பதே கிடையாது, தொடக்கம் முதல் வெறும் பயம்தான். இதைப் படித்தபோது உங்கள் மீது எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. லாடம் அடிக்கும் நாள்களில் அவளுடைய இடது காதை முறுக்கிப் பிடித்தது யார்? பத்து வருடமாக அந்தக் காதருகே கை போனாலே அவள் தலையைத் தூக்குகிறாள். "கூச்சக் குதிரை" என்று நீங்களே பெயரும் வைத்தீர்கள். குதிரை வந்திறங்கிய கரை நம் கரை என்று நீங்கள் பெருமை பேசும்போதெல்லாம் சொல்ல நினைத்து விழுங்கியது இது: பாண்டிய நாட்டுக்குக் கடல் கடந்து வந்த குதிரைகள், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் செத்துப்போவதாகத்தான் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்.

இப்போது அந்தப் பதினொரு நாள்களைச் சொல்கிறேன். உங்களுக்குச் சொல்லத்தான் ஆசை.

போன வருடத்து மெஷினை விட்டுவிட்டு, வயர் இல்லாத, சத்தம் குறைந்த பேட்டரி மெஷின் ஒன்றை வாங்கினேன். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். குதிரைக்கு 33,000 வரை கேட்கும். நமக்கு ரீங்காரமாக இருப்பது அவளுக்கு என்னவாக இருக்குமோ. முதல் நாள் மெஷினை அவளிடம் கொண்டுபோகவே இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி அதை ஓடவிட்டுக் கையில் பிடித்தபடி முன்னால் நடந்தான். நான் அவளைப் பின்னால் நடத்தினேன். பயந்த பொருள் தன்னைவிட்டு விலகிப் போகிறது என்று கண்டதும், தோப்பின் இரண்டாவது சுற்றிலேயே அவள் காதை முன்னால் நீட்டிக்கொண்டு அதை மோப்பம் பிடிக்கப் போனாள். அடுத்த இரண்டு நாளும் ஓடாத மெஷினை அவள் தோளில் வைத்து எடுத்ததோடு சரி. அதற்கடுத்து என் கைபேசியை அதிர்வில் போட்டுத் தோளில் வைத்தேன். பிறகு என் புறங்கையை அவள் மீது வைத்து, ஓடும் மெஷினின் உடம்பை என் உள்ளங்கையில் அழுத்தினேன். அதிர்வு என் கை வழியாக அவளுக்குள் போயிற்று.

மெஷினை அவள் மேலிருந்து எடுக்கும் நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அவள் விலகும்போது மெஷினை எடுத்தால், "விலகினால் போய்விடும்" என்று கற்றுக்கொள்கிறாள். அசையாமல் நின்று ஒரு மூச்சை நீளமாக விட்ட நொடியில் எடுத்தால், "நின்றால் போய்விடும்" என்று கற்றுக்கொள்கிறாள். கண்ணில் வெள்ளை தெரிந்தாலோ வாலை இடுக்கினாலோ அன்றைக்கு நான் அதிகம் கேட்டுவிட்டேன் என்று பொருள். அங்கிருந்து ஒரு படி கீழே இறங்கிவிடுவேன். ஐந்தாம் நாள் இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது.

விலாவில் தொடும்போது மெல்லத் தொடக்கூடாது என்பதை நீங்கள்தான் எனக்குச் சிறு வயதில் சொல்லிக்கொடுத்தீர்கள். ஈ உட்கார்ந்தாலே உதறிவிடத் தோலுக்கடியில் தனித் தசை வைத்திருக்கிற பிராணி அது. விரல் நுனியால் தடவினால் ஈயைப் போலக் கூசும். உள்ளங்கையை முழுக்கப் பதித்து அழுத்தினால் கூச்சம் அடங்கும். என் கையின் மேல் உங்கள் கையை வைத்து அழுத்திக் காட்டியது நினைவிருக்கிறதா? உங்கள் கையில் எப்போதும் கொள்ளு வாசம். இந்த முறையும் இடது உள்ளங்கையை முதலில் பதித்து, அதன் ஓரத்தை ஒட்டியே கத்தியை நகர்த்தினேன்; முன்னங்கால் இடுக்கில் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கத்தி சூடாகிறதா என்று அடிக்கடி என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, எண்ணெய் விட்டு, ஆறவைத்தேன். போன வருடம் அதையும் செய்யவில்லை. முடியின் அடியில் நம் ஊர் மணல் அப்படியே இருந்தது, கத்தி முடியை வெட்டாமல் இழுத்தது. இந்த முறை முந்தைய நாளே நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, நன்றாக உலர்த்தி, தேய்த்துவிட்டேன்.

நீங்கள் கொடுக்கிற கருப்பட்டியை நான் கொடுக்கவில்லை. இந்த நோய் உள்ள குதிரைக்கு இனிப்பு ஆகாது, குளம்புக்குள் வீக்கம் வந்து நிற்கவே முடியாமல் போய்விடும். இதை உங்களிடம் எத்தனை முறை சொன்னேன்! அதற்குப் பதில், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், பிடரியின் அடியில் சொறிந்துவிட்டேன். குதிரைகள் ஒன்றையொன்று கொறித்துவிட்டுக்கொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு இறங்குவதை 1993லேயே பிரெஞ்சு ஆய்வொன்றில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அவளுடைய கீழுதடு தொங்கி ஆடத் தொடங்கியதைப் பார்த்ததும் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. மாலையில் கொட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே அதே இடத்தில்தான் நீங்களும் சொறிந்துவிடுவீர்கள். ஆய்வு எதையும் படிக்காமலே செய்தீர்கள். அப்படிப்பட்ட நீங்கள் ஏன் அந்தக் காதை முறுக்கினீர்கள் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

கழுத்து, தோள், முதுகு, பின்புறம், வலது விலா எல்லாம் முடிந்தது. நேற்று மத்தியானம் நிழலில் மூச்சு வாங்காமல் நின்றாள். இடது விலாவில் ஒரு முழ நீளமும் அடிவயிறும் பாக்கி. போன வருடம் நான் நிறுத்தாமல் போன இடம் அது. அங்கே மெஷினைக் கொண்டுபோனால் என் கைதான் நடுங்குகிறது, அது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. இடது காதை நான் தொடவே இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, காற்று எழுவதற்கு முன்னால், மீதியை வெட்டலாம் என்றிருக்கிறேன். அவள் தலையருகே நிற்க ஓர் ஆள் வேண்டும். நான் நிற்கும் அதே பக்கத்தில்தான் அவரும் நிற்க வேண்டும். நாற்காலி போட்டு வைக்கிறேன். நிறுத்து என்றால் நிறுத்திவிடுவேன்.

உங்கள் அண்ணன் மகன்