பாய்லர் அறையில் நின்றவர்களையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்படை தினத்தன்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். காதருகே போய் உரக்க வாசிக்க வேண்டும். 24 வருடம் கப்பலில் பாய்லர் சத்தத்துக்குள் வேலை பார்த்ததில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. 1971 பாகிஸ்தான் போரில், டிசம்பர் 4 அன்று, விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்திலிருந்து விமானங்கள் கிளம்பிப் போய், இன்று பங்களாதேஷில் இருக்கும் காக்ஸ் பஜாரிலும் சிட்டகாங்கிலும் குண்டு வீசியதை நன்றாக எழுதியிருந்தீர்கள். கேட்டு முடித்ததும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "பாய்லரைப் பத்தி ஒண்ணும் போடலையாம்மா?"

அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்போது விக்ராந்தை ஓட்டும் நீராவியைத் தரும் 4 பாய்லர்களில் ஒன்றில் விரிசல். மீதி மூன்றை வைத்துக்கொண்டுதான் கப்பல் போருக்குப் போனது. காற்றை எதிர்த்துக் கப்பல் வேகமாக ஓடினால்தான் விமானம் எழும்பும். விமானத்தை உந்தித் தள்ளும் கருவிக்கும் நீராவிதான் வேண்டும். கீழே நின்றவர்களுக்கு வானமும் தெரியாது, கடலும் தெரியாது. பிரஷர் கேஜின் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். அவர்களில் ஒருவரான அப்பாவுக்கு அன்று 21 வயது. நீராவிக் குழாய் சுட்ட தழும்பு வலது முன்கையில் விரல் நீளத்துக்கு இன்னும் பளபளவென்று இருக்கிறது.

சீர்காழிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 17 வயதில் விசாகப்பட்டினத்துக்குப் பயிற்சிக்குப் போனவர் அவர். வருடத்தில் 2 மாதம்தான் லீவு. அதைச் சம்பா அறுப்புக்கென்றே வைத்திருப்பார். பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியோடு விடிகாலையில் வாசலில் வந்து நிற்பார். முதல் இரண்டு நாள் எனக்குக் கூச்சமாக இருக்கும். அப்புறம் அவர் கிளம்பும் நாளில் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். மற்ற 10 மாதமும் நடவு, களை, ஆள் கூலி, பாட்டிக்கு வைத்தியம், எங்கள் படிப்பு எல்லாமே அம்மா தலையில்தான். மணியார்டர் மட்டும் ஒரு மாதமும் தவறியதில்லை.

இப்போது அம்மாவுக்கு முழங்கால் வலி. காலைக் காபி அப்பாதான் போடுகிறார். 4 மணிக்கு எழுந்துவிடுவார், கப்பலில் வாட்ச், அதாவது காவல் முறை, மாறும் நேரமாம். வியாழக்கிழமை சாயங்காலம் விளக்குகளைத் துலக்குவதும் அவர்தான். ஓய்வு பெற்று வந்த புதிதில், கப்பலில் பழகிய பழக்கத்தில், குத்துவிளக்குக்குப் பித்தளை பாலிஷான பிராசோ போட்டுவிட்டார். "சாமி விளக்குக்குப் புளிதாங்க" என்றார் அம்மா. அன்றிலிருந்து புளிதான். ஆனால் திருகு மரைக்குள் இருக்கும் அழுக்கை இன்றைக்கும் பழைய டூத் பிரஷ் வைத்து எடுக்கிறார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் சட்டைநாதர் கோயில். இந்த வயதிலும் படியேறித் தோணியப்பரைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். பிரளய வெள்ளத்தில் உமையோடு தோணியில் வந்து இங்கே தங்கியவர் என்பது தலவரலாறு. "கப்பல்காரனுக்கு இதைவிட வேற சாமி வேணுமா?" என்பார் அப்பா. டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறத்தில் அந்தப் படம்தான் ஒட்டியிருக்கும்.

டிசம்பர் 9 அன்று மட்டும் என்ன கிழமையானாலும் போவார். 1971-இல் அன்றிரவு டையூ அருகே நம் கடற்படையின் குக்ரி கப்பல் மூழ்கியது. அதன் கேப்டன் முல்லாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள், சரி, எழுத வேண்டியதுதான். அவரோடு சேர்த்து 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். அந்த மாலுமிகளில் ஒருவர் பயிற்சியின்போது அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில். அவருக்காகத்தான் அன்று ஒரு நெய் விளக்கு.

2022-இல் புதிய விக்ராந்த் படையில் சேர்ந்த அன்று அப்பா டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். அது கேஸ் டர்பைனில் ஓடும் கப்பல் என்று சொன்னேன். "அப்ப பாய்லர் கிடையாதா?" என்றார். வெகுநேரம் முன்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

1971-ஐ நேரில் பார்த்தவர்களுக்கெல்லாம் இப்போது 70 தாண்டிவிட்டது. நம் டெல்டா மாவட்டங்களில் அப்படிப்பட்டவர்களைத் தேடி உங்கள் நிருபரை அனுப்புங்கள். சமையல்கட்டில் இருந்தவர், சிக்னல் பார்த்தவர், பாய்லர் அறையில் நின்றவர் என்று எல்லோரையும் பேச வையுங்கள். பேசும்போது வீட்டுக்கார அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம், அப்பா கோயிலில் இருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சீர்காழி.