வெல்லத்துக்கு இறங்காத புகை: சேலத்துக் கொலுசுப் பட்டறை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் பட்டறை வைத்திருக்கும் முதலாளிமார்களுக்கு,

வணக்கம்ங்க. பதினாறு வருஷம் கொலுசு பற்றவைத்தவன் எழுதுகிறேன். கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. முதல் ஐந்து வருஷம் ஸ்கேன், ஊசி, நேர்த்திக்கடன் எல்லாம் என் மனைவிக்குத்தான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வருஷம்தான் ஒரு டாக்டர் எனக்கும் டெஸ்ட் எழுதினார். ஒரு மில்லி விந்தில் குறைந்தது 1.6 கோடி அணுக்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த கீழ் எல்லை. எனக்கு அதில் பாதிகூட இல்லை. "என்ன வேலை செய்யறீங்க?" என்றார். கொலுசுக் கண்ணிகளை ஒட்டுகிற, காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த பற்றவைப்புப் பொடியைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

என் ஒருத்தன் ரிப்போர்ட்டை வைத்து எல்லாப் பழியையும் பொடிமேல் போட மாட்டேன். பீடியும் குடித்தவன் நான். புகையிலையிலும் காட்மியம் உண்டு.

நான் இருந்த பட்டறையில் பற்றவைக்கும் பொடியில் காட்மியம் கலந்திருக்கும். அது சேர்ந்தால் பொடி சீக்கிரம் உருகி, கண்ணிக்குள் தண்ணீர் மாதிரி ஓடும். வேலை செய்கிறவனுக்கும் அதுதான் பிடிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும். காட்மியம் 767-இலேயே கொதித்துவிடும். சம்மணம் போட்டுக் கொலுசின்மேல் குனிந்து நெருப்புக் காட்டும்போது அந்த ஆவி நேரே மூக்குக்குள்தான் போகும். மடியருகே அனல் வேறு. உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கவேண்டிய உறுப்பு அங்கேதான் இருக்கிறது.

எங்கள் முதலாளி நல்லவர். சாயங்காலமானால் ஆளுக்கொரு வாழைப்பழம், ஒரு அச்சு வெல்லம். "புகை இறங்கிடும், சாப்பிடுங்கடா" என்பார். இப்போது சில பட்டறைகளில் வெல்லத்துக்குப் பதில் நெல்லிக்காயும் வைட்டமின் மாத்திரையும் கொடுக்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம்.

உண்மை இதுதான். கடலை எண்ணெயைத் திறந்து வைத்தால் சிக்கு வாடை வருகிறதல்லவா, விந்தணுவின் மேல்தோலுக்கும் அதே கதி. அந்தத் தோல் சீக்கிரம் கெடுகிற கொழுப்பால் ஆனது. காட்மியமும் ஈயமும் உடம்பில் அந்தக் கெடுதலைக் கிளப்பிவிடுகின்றன. துத்தநாகம் உட்கார வேண்டிய இடத்தில் காட்மியம் போய் உட்கார்ந்துகொள்ளும். வைட்டமின் சி, ஈ, செலினியம், துத்தநாகம் இவையெல்லாம் இந்தக் கெடுதலைத் தடுக்கிற சத்துகள். எலிகளுக்குக் காட்மியத்தோடு இவற்றையும் கொடுத்த ஆய்வுகளில் விதைப்பையின் சேதம் குறைந்திருக்கிறது.

எலிக்குச் சரி. மனிதனுக்கு? அமெரிக்காவில் குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வந்த 2370 தம்பதிகளில், ஆண்களில் ஒரு பாதிப்பேருக்கு ஆறு மாதம் தினம் 30 மில்லிகிராம் துத்தநாகமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் முடிவு வந்தது: விந்தணுவும் தேறவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. அவர்கள் நம்மைப் போலப் பட்டறைப் புகை குடித்தவர்கள் என்று பொறுக்கி எடுத்தவர்கள் இல்லைதான். ஆனாலும் மாத்திரை டப்பாவை நம்பிப் பட்டறை நடத்த முடியாது என்பதற்கு இது போதும்.

அப்புறம், சாப்பாடு எங்கே உதவும் என்றால் வயிற்றில். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு காட்மியத்தைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். நாமோ பொடி ஒட்டின விரலோடு போண்டாவைப் பிய்த்துத் தின்கிறவர்கள். ஆகவே கொடுப்பதை நிறுத்த வேண்டாம். வறுத்த நிலக்கடலை, அவித்த முட்டை, ராகி, முருங்கைக் கீரை, ஏற்காட்டுக் கொய்யா, நெல்லிக்காய், எது கிடைக்கிறதோ அதைக் கொடுங்கள். கூடவே வாசலில் ஒரு குழாயும் சோப்பும். தின்பது பட்டறைக்கு வெளியே.

ஆனால் மூக்கு வழியாகப் போகிறதை எந்தக் கொய்யாவும் தடுக்காது. போனது சிறுநீரகத்தில் பத்து வருஷத்துக்கு மேல் தங்கும். ஒரு விந்தணு உருவாக எழுபது நாளுக்கு மேல் ஆகும். டாக்டர் சொன்னபடி வேலையை மாற்றிவிட்டு, பீடியையும் விட்டுவிட்டு, அடுத்த டெஸ்டுக்கு நானும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கேட்பது இரண்டே விஷயம். காட்மியம் இல்லாத பொடிக்கு மாறுங்கள். வெள்ளி, செம்பு, துத்தநாகம் சேர்த்ததே கிடைக்கிறது. விலை கூடும், சூடும் கொஞ்சம் கூடக் கேட்கும், கை பழகும்வரை நாலு ஜோடி வீணாகும். அதைக் கூலியில் பிடிக்காதீர்கள். ஐரோப்பாவில் நகையிலும் பற்றவைப்புக் கலவையிலும் காட்மியம் 0.01 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2011-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இரண்டாவது, புகையை முகத்துக்கு ஏறும் முன்பே இழுக்கிற புகைக்கூண்டு. மேலே சுற்றுகிற சீலிங் ஃபேன் அந்த வேலையைச் செய்யாது, புகையைப் பக்கத்து ஆளுக்கும் பங்கு வைக்கும்.

வருகிற ஆயுத பூஜைக்கு எப்படியும் பட்டறையைக் காலி பண்ணிக் கழுவத்தானே போகிறீர்கள். அன்றைக்கு ஒரு டேப் எடுத்து, பையன் உட்காருகிற இடத்திலிருந்து சுவர் எத்தனை அடி என்று அளந்து வையுங்கள். புகைக்கூண்டுக் குழாய் போட அந்தக் கணக்குத்தான் முதலில் கேட்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைகளில் ஒன்றில் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தவன்