வெள்ளைத் தலை வராத வெண்தலைக் கழுகுகள்: கணக்கெடுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க ஆற்றங்கரைகளில் ஜனவரிதோறும் வெண்தலைக் கழுகுகளை எண்ணும் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் படிவத்தில் ‘முதிர்ந்தது’, ‘இளையது’ என்று இரண்டே கட்டங்கள் இருந்தால், தயவுசெய்து மாற்றுங்கள். தலையும் வாலும் முழுக்க வெளுக்க ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். போன கோடையில் கூட்டைவிட்டுப் பறந்த குஞ்சும், சீக்கிரமே கூடு கட்டப்போகிற நான்காம் குளிர்காலப் பறவையும் ஒரே கட்டத்தில் விழுந்தால், அந்த ஆண்டு குஞ்சுகள் தேறினவா என்பது எப்படித் தெரியும்?

இடம்பெயரும் வேட்டைப் பறவைகளை எண்ணும் பென்சில்வேனியாவின் ஹாக் மவுண்டன் சரணாலயக் கணக்கைப் பாருங்கள். 1935–39இல் அங்கே கண்ட வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளம் பறவைகள்; 1955–59இல் 20 சதவீதம்தான். பெரியவை வழக்கம்போல் பறந்துகொண்டிருந்தன, குஞ்சுகள்தான் குறைந்துபோயின. முட்டையோட்டை மெலிதாக்கிக் குஞ்சு பொரிக்கவிடாமல் செய்த பூச்சிக்கொல்லியான டிடிடி, அமெரிக்காவில் 1972இல்தான் தடைசெய்யப்பட்டது.

முதல் குளிர்காலத்தில் உடல், தலை, அலகு, கண் எல்லாமே கருமை. இறக்கையின் அடியில், அக்குள் பக்கம் மட்டும் வெள்ளை. இரண்டாம் குளிர்காலத்தில் வயிறும் முதுகும் வெள்ளைத் திட்டுகளாகும், மார்பு கருப்பாகவே நிற்கும். அப்போது இறக்கையின் பின்விளிம்பைக் கவனியுங்கள். குஞ்சுப் பருவச் சிறகுகள் நீளமானவை, முனை கூரானவை. முதல் இறகுதிர்ப்பில் அவற்றில் சிலதான் உதிரும். புதிதாக முளைப்பவை குட்டை. அதனால் விளிம்பு ரம்பப் பல்லாகத் தெரியும். குஞ்சு தாயைவிடப் பெரிதாகத் தோன்றுவதும் அந்த நீளச் சிறகுகளால்தான்.

மூன்றாவதில் விளிம்பு பெரும்பாலும் சீராகி, அலகு மஞ்சளாகத் தொடங்கும்; கன்னம் வெளுத்து, கண்ணை ஒட்டிக் கரும்பட்டை நிற்கும். இதைத்தான் விராலடிப்பான் (மீன் பிடிக்கும் ஆஸ்ப்ரே) என்று எழுதிவிடுகிறார்கள். (அது குளிருக்குத் தெற்கே போய்விடும்; அமெரிக்காவின் வடமாநிலங்களில் ஜனவரியில் அதற்கு என்ன வேலை?) நான்காவதில் தலையில் அழுக்குத் தீற்றலும் வால்நுனியில் கருமையும் மட்டும் மிச்சம். பறவைக்குப் பறவை முன்பின் ஆகும் என்பதால் வயதை எழுதச் சொல்லாமல் தோற்றப்படியை, அதாவது மேலே சொன்ன தோற்றங்களில் எது என்பதை, குறிக்கச் சொல்லுங்கள். ‘தெரியவில்லை’ என்றொரு கட்டமும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் எல்லோரும் ஊகித்து நிரப்புவார்கள்.

பொன்னிறக் கழுகோடு குழப்பம் பழையது. 1940இல் வந்த வெண்தலைக் கழுகுப் பாதுகாப்புச் சட்டத்தில் 1962இல் பொன்னிறக் கழுகையும் சேர்த்ததற்கு, அது என்று நினைத்து வெண்தலைக் குஞ்சுகளைச் சுட்டுவந்ததும் ஒரு காரணம். இளம் பொன்னிறக் கழுகின் வெள்ளை, பறக்கும் சிறகுகளின் வேர்ப்பகுதியிலும் வாலின் வேர்ப்பகுதியிலும் திட்டமாக இருக்கும். வெண்தலைக் குஞ்சின் வெள்ளை அக்குளிலும் இறக்கையின் உள்பக்கத்திலும் கலைந்து கிடக்கும். உட்கார்ந்திருந்தால் காலைப் பாருங்கள்: பொன்னிறத்துக்கு விரல்வரை இறகு, வெண்தலைக்குக் கணுக்கால் மொட்டை.

வெளுத்த மேகத்தின் முன்னால் முதிர்ந்த பறவையின் தலையும் வாலும் கண்ணில் படாமல் போகும். அங்கே பலகைபோல் நீட்டிய இறக்கையை நம்பலாம். பொன்னிறக் கழுகு இறக்கையைச் சற்றே மேல்நோக்கித் தூக்கி மிதக்கும்.

படிவம் ஏற்கெனவே அச்சாகிவிட்டதா? குறிப்புப் பகுதியில் அலகு, கண், வால் மூன்றின் நிறத்தையாவது எழுதச் சொல்லுங்கள். தோற்றப்படியைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கழுகு நோக்கும் நண்பர்கள்